கல்லுக்குட்டையில் இறங்கிப் பார்த்தேன்

"பின்பக்கம் கட்டடமே வராதும்மா. கல்லுக்குட்டை இருக்குது. ஆயுசுக்கும் காத்து கொட்டும்" என்று சொல்லித்தான் தரகர் எங்களுக்கு இந்த மனையை முடித்துக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. பல்லாவரத்துக்கு மேற்கே, திருநீர்மலைப் பக்கம் இருக்கிறது எங்கள் வீடு. மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டு நிமிர்ந்தால், வேலிகாத்தான் புதருக்கு நடுவே பச்சைப் பட்டுத் துணி விரித்த மாதிரி தண்ணீர் தெரியும். அழகாகத்தான் இருக்கும்.

பல்லாவரம், பம்மல், திருசூலம், திருநீர்மலை என்று இந்தப் பக்கம் பூராவும் ஒரு காலத்தில் கல் உடைத்த பூமி. சென்னையில் வீடு கட்டிய எத்தனையோ பேருடைய அஸ்திவாரம் இங்கிருந்துதான் லாரி ஏறிப் போயிருக்கிறது. கல் எடுத்த இடமெல்லாம் பள்ளம்; வேலை நின்ற பிறகு பள்ளமெல்லாம் தண்ணீர். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருப்பது அதில் சின்னது. ஒரு கல்யாண மண்டபத்தை உள்ளே இறக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

இந்தச் சித்திரை லீவில், ஆறாம் வகுப்பு முடித்த என் பெரியவன் இரண்டு நாள் நிஜாரின் அடியில் பாசிக் கறையோடு வந்து நின்றான். துவைக்கிறவளுக்குத் தெரியாதா? கேட்டேன். "குளிக்கலம்மா. கால் மட்டும்தான் நனைச்சேன். எல்லாரும் போறாங்க" என்றான். கண்ணைப் பார்த்தால் நிஜம்தான் சொல்கிறான் என்று தெரிந்தது. இன்று கால், நாளைக்கு?

"இனிமே போகக் கூடாதுன்னு சொல்லிடு, முடிஞ்சுது" என்றார் என் கணவர். பதினொரு வயசுப் பையனிடம் 'போகாதே' என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியும் என்று நினைப்பவர்கள் பிள்ளைகளைப் பகல் பூராவும் பார்த்துக் கொள்ளாதவர்கள். மாமியார் தன் பங்குக்கு, "அங்கே முனி இருக்கு, காலைப் பிடிச்சு இழுக்கும்" என்றார். அவன் சிரித்துவிட்டு ஓடிப் போனான். முனிக்குப் பயப்படும் வயசு தாண்டிவிட்டது. அவனுக்கு வேண்டியது விவரம். அந்த விவரம் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை.

தெருவில் கீரை கொண்டு வரும் ஆயாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "ஆயா, அந்தக் குட்டையில எவ்வளவு ஆழம் இருக்கும்?"

கீரைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க கையால நோண்டினதும்மா அது. கல்யாணம் கட்டி வந்த புதுசுலேர்ந்து பன்னெண்டு வருசம் அதுலதான் ஜல்லி சொமந்தேன். கடைசியா நின்னப்போ மேலேர்ந்து பாத்தா கீழே நிக்கிற ஆளு கோழிக்குஞ்சாட்டம் இருப்பான்."

அப்போதே தீர்மானித்துவிட்டேன், இறங்கிப் பார்த்துவிடுவது என்று. ஆயா வழி காட்டுவதாக ஒப்புக்கொண்டாள். "பொம்பளைங்க போற இடமா அது?" என்று மாமியார் கேட்டதற்கு, "நாங்க இல்லாம அங்கே எந்தக் கல்லு மேலே வந்துச்சு?" என்று ஆயாவே பதில் சொல்லிவிட்டாள்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பினோம். நான், அவர், பெரியவன், ஆயா. பரணில் கிடந்த பழைய கிணற்றுக் கயிற்றை எடுத்து, முழத்துக்கு ஒரு முடிச்சாக இருபது முடிச்சு போட்டு வைத்திருந்தேன். நுனியில் கட்ட ஓர் உடைந்த குழவி. நான் அவருடைய பழைய ஷூவைப் போட்டுக்கொண்டேன். ஆயா வெறும் காலோடுதான் வந்தாள்.

லாரி இறங்கிய சரிவுப் பாதை இன்னும் இருக்கிறது. இரண்டு பக்கமும் எருக்கும் வேலிகாத்தானும். நாலு எட்டு இறங்கியதும் பக்கத்துச் சுவரைப் பார்த்தால், அடுக்குப் பாத்திரம் மாதிரி பூமி அடுக்கடுக்காகத் தெரிகிறது. மேலே செம்மண், அதற்குக் கீழே கையால் உதிர்த்தால் உதிரும் பழுத்த கல், அதற்கும் கீழே எண்ணெய் தடவியது போல மினுக்கும் கருநீலப் பாறை. அதில் மேலிருந்து கீழாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி அரைவட்டப் பள்ளங்கள்.

"இது என்ன ஆயா?"

"தமருும்மா. மருந்து வைக்கப் போட்ட ஓட்டை. பாதி கல்லோட போச்சு, பாதி இங்கே நிக்குது. கம்ப்ரஸர் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் உளியைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிக் குடுப்பான், ஒருத்தன் சம்மட்டியால அடிப்பான். ஒரு தமரு எறங்க அரை நாளு ஆவும்." மருந்து வைத்துத் திரி கொளுத்தும் முன் விசில் ஊதிச் சிவப்புக் கொடி காட்டுவார்களாம். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஓட வேண்டும். வெடித்து அடங்கியதும் ஆண்கள் சக்கைக் கல்லைப் பிளப்பார்கள். பெண்கள் உட்கார்ந்து ஜல்லியாக உடைப்பார்கள். பெட்டிக் கணக்கில் கூலி. பிறகு பாண்டில் அள்ளி, சும்மாட்டின் மேல் ஏற்றி, நாங்கள் இறங்கி வந்த அதே சரிவில் மேலே கொண்டு போய்க் கொட்ட வேண்டும். வெறும் கையோடு ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. ஆயா கர்ப்பமாக ஏழாம் மாசம் வரைக்கும் சுமந்தாளாம். குழந்தை பிறந்ததும் அதோ அந்த வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டு மறுபடியும் வேலை. கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கழியவே இல்லை என்றாள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆயாவுக்கு அதைச் சொன்ன ஆள் யாரும் இல்லை.

அவள் புருஷன் தமர் போடுகிறவர். நாற்பது வயசு தாண்டுவதற்குள் இருமல். ஆஸ்பத்திரியில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். டிபி குறைந்தும் மூச்சிரைப்பு நிற்கவில்லை. "கல்லு நெஞ்சுல ஏறிடுச்சு" என்றாள் ஆயா. டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். பாறைக்குள் இருக்கும் சிலிக்கா என்ற பொருள், துளைக்கும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூளாகிறது. சுவாசப் பைக்குள் போய்த் தங்கி, அங்கே தழும்பு தழும்பாகக் கட்டிவிடுகிறது. சிலிகோசிஸ் என்று பெயர். கட்டிய தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. அந்த நெஞ்சில் டிபியும் சுலபமாகக் குடியேறும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளைத்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும் என்பது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்.

இதைச் சொல்லும்போது நம் வீட்டுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சமையல் மேடைக்குக் கல் போடுகிறவர் கூடத்தில் உட்கார்ந்தே மெஷினால் அறுக்கிறார். வீடு பூராவும் வெள்ளைப் புகை. நாம் கைக்குழந்தையை அடுத்த அறையில் படுக்க வைத்துவிட்டு அவருக்குக் காபி கலந்து கொடுக்கிறோம். வெளியே வைத்து, தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அவரையும் முகமூடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கல்தூளைப் பசையோடு சேர்த்துச் செய்யும் 'குவார்ட்ஸ்' பலகையில் சிலிக்கா கருங்கல்லைவிட ஜாஸ்தி. அதை அறுத்த இளவயசுத் தொழிலாளர்களுக்கு இந்த நோய் வந்ததைப் பார்த்துத்தான் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து அந்தப் பலகைக்கே தடை போட்டார்கள்.

பாதி வழியில் என் பையன் ஒரு துண்டுக் கல்லைப் பொறுக்கிக்கொண்டு, "இது எவ்வளவு பழசும்மா?" என்றான். அவர்களுக்கு எல்லாமே ரெக்கார்டாக இருக்க வேண்டும்! சொன்னேன். இந்தக் கல்லுக்கு சார்னோகைட் என்று பெயர். பூமிக்குள் வெகு ஆழத்தில், பெரும் சூட்டில் உருவானது. வயசு சுமார் 250 கோடி வருஷம். 1690-ல் கிழக்கிந்தியக் கும்பினிக்காகக் கல்கத்தாவில் போய்த் தங்கிய ஜாப் சார்னாக் என்பவரின் சமாதிக் கல் இந்த ஜாதிதான். நம் சென்னைப் பக்கத்திலிருந்து போன கல். அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893-ல் கல்லுக்கே அவர் பெயரை வைத்துவிட்டார். அடிப்பதும் சுமப்பதும் ஒருத்தர், பெயர் போவது இன்னொருத்தருக்கு. உலக வழக்கம்தானே!

பல்லாவரத்தில் வேறொரு பள்ளமும் பெயர் பெற்றது. 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் அங்கே பரேட் மைதானத்தில் சரளை எடுத்த ஒரு சின்னக் குழியிலிருந்து, ஆதி மனிதன் செதுக்கிய கைக்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்று காட்டிய முதல் கல் அது. அவர் சேர்த்த கற்கள் 1904-ல் எழும்பூர் மியூசியத்துக்கு வந்தன. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் இதே ஊர்க் குன்றில் குடைந்த குகைக்கோயில் இப்போது தர்காவாக இருக்கிறது. ஆக, வெடிமருந்து இல்லாத காலத்திலிருந்தே இந்த ஊருக்குக் கல்தான் பிழைப்பு.

கீழே, தண்ணீர் ஓரத்தில் ஒரு பாறைத் திட்டு. வெயில் காலம் என்பதால் தண்ணீர் இறங்கி, உட்கார வசதியாகத் திண்ணை மாதிரி இருந்தது. பையன்கள் வந்து உட்காரும் இடம் இதுதான். பீடித் துண்டு ஒன்றிரண்டு, ஒரு ரப்பர் செருப்பு. தண்ணீர் அத்தனை தெளிவு. கரையில் மண் இல்லாததால் கலங்கலே இல்லை. அடியில் பாறையும் அதன் மேல் பாசியும் நன்றாகத் தெரிந்தன.

"இங்கே தொடை வரைக்கும்தான் இருக்கும்மா" என்றான் மகன்.

"விட்டுப் பாரு" என்று கயிற்றைக் கொடுத்தேன். ஆயா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். குழவி அடியைத் தொட்டது. இரண்டு முடிச்சு நனைந்திருந்தது. மூன்று அடி. அவனை நிறுத்தி அளந்தால் இடுப்புக்கும் மேலே.

பொய் சொன்னது கண். வீட்டில் நீங்களே பார்க்கலாம்: குண்டானில் ஒரு நாணயத்தைப் போட்டு, காசு மறைகிற வரைக்கும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, யாரையாவது தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். காசு மேலே எழும்பி வந்து முகம் காட்டும். நேராக மேலிருந்து பார்த்தாலே நாலு அடி ஆழம் மூன்று அடியாகத்தான் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவு.

அடுத்ததாக அவர், குழவியைச் சுழற்றி இரண்டு ஆள் நீளத்துக்கு அப்பால் வீசினார். கயிறு விறுவிறுவென்று ஓடியது. மகன் சத்தமாக எண்ணினான். ஐந்து, ஆறு, ஏழு. பத்து வரைக்கும் குரலில் விளையாட்டு இருந்தது. பதினைந்துக்குப் பிறகு மெதுவாகச் சொன்னான். இருபதாவது முடிச்சும் தண்ணீருக்குள் போய், கயிற்றின் நுனி அவர் கையில் விறைத்து நின்றது. முப்பது அடி. குழவி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. ஆயாதான், "படி படியா வெட்டினோம். நீ நிக்கிறது மேப்படி. ஒரு எட்டு தாண்டினா அடுத்த படி பத்தடி கீழே. அதுக்கு அடுத்தது இன்னும் கீழே" என்றாள். ஏரியென்றால் கரை சரிந்து இறங்கும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் நமக்குச் சொல்லிக்கொண்டே வரும். மனுஷன் வெட்டிய பள்ளத்தில் அந்தச் சொல்லல் கிடையாது. சுவர் நெட்டுக்குத்து. பாசி படர்ந்து சோப்பு மாதிரி வழுக்குகிறது; பிடித்து ஏற ஒரு வேர் கிடையாது. மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருக்கும். கயிற்றை இழுத்தபோது குழவி ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தது போல் சில்லிட்டிருந்தது. அந்தக் குளிரில் திடீரென்று விழுந்தால் மூச்சு தன்னால் ஒரு தரம் உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில் தண்ணீர் போய்விடும்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பையன் சில வருஷத்துக்கு முன் இதில் போனானாம். அதுவரை எனக்குத் தெரியாது. ஆயாதான் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நீச்ச தெரிஞ்ச புள்ளதாம்மா. ஏற வழியில்லாம சோந்து போயிட்டான். செவுத்துல வெரல் தடம் இருந்துச்சு." கூடப் போன பிள்ளைகள் அவன் விளையாடுகிறான் என்று நினைத்துக் கரையில் நின்றிருந்தார்களாம். சினிமாவில் காட்டுவது போலக் கத்திக் கைதட்டி யாரும் மூழ்குவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது கத்த எங்கே முடியும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடலாம்.

மகன் அதற்குள் அந்த ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது யாருடையதோ, சமீபத்தில் கிடந்ததாகக்கூட இருக்கலாம். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேலே ஏறும்போது ஆயா எங்களைச் சுவர் ஓரமாக நடக்க விடவில்லை. வெடி வைத்த பாறையில் உள்ளுக்குள் விரிசல் இருக்கும், மழைக்கும் வெயிலுக்கும் அது எப்போது வேண்டுமானாலும் பெயரும் என்றாள். மேல் விளிம்பில் நிற்பதும் ஆபத்துதான். புதர் மூடியிருப்பதால் தரை எங்கே முடிகிறது என்றே தெரிவதில்லை. கைவிட்ட பள்ளத்தைச் சுற்றி நிலையான வேலி போட வேண்டும் என்று 1961-ம் வருஷத்துச் சுரங்க விதிகளிலேயே எழுதிவைத்தார்கள். எங்கள் குட்டைக்கு நாலு கல் தூண் இருக்கிறது, கம்பி இல்லை.

"பேசாம மண்ணைக் கொட்டி மூடிட வேண்டியதுதானே?" என்று மாமியார் கேட்டார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. யோசித்தால் சரிவரவில்லை. மூடுவதென்றால் நல்ல மண்ணா கொட்டுவார்கள்? ஊர்க் குப்பைதான் வரும். பாறைப் பூமியில் விரிசல் வழியாகத்தான் நீர் ஊறுகிறது. குட்டை கெட்டால் எங்கள் போர் தண்ணீரும் கெடும். தவிர, 2017-லும் 2019-லும் சென்னை வறண்டு தவித்தபோது, மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் இதே மாதிரி கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீரைத்தான் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்பினார்கள். நாம் பயப்படும் தண்ணீரை அந்த வருஷம் எத்தனையோ வீடுகளில் குடத்தில் பிடித்து வைத்துக் கும்பிட்டிருப்பார்கள். தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகள் விழாமல் இருந்தால் போதும்.

அந்த வாரமே எங்கள் தெருவில் பதினாலு வீட்டுப் பெண்கள் கூடினோம். முள் வெட்டுகிற ஆளைப் பிடித்து, சரிவுப் பாதையின் வாயில் வேலிகாத்தான் முள்ளைப் பாரம் பாரமாகப் போட்டு அடைத்தோம். கம்பி வேலி கேட்டுக் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். புதர் மூடிய விளிம்பு தெரிகிற மாதிரி, பழைய தூண்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். ஒரு தூணில் பத்து முழக் கயிறும், காலி எண்ணெய் டின் ஒன்றும் கட்டித் தொங்குகிறது. யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல், கயிறோ, புடவையோ, மிதக்கும் டின்னோ வீச வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போவது அடிக்கடி நடக்கிறது.

எங்களில் ஒருத்தி நர்ஸ். மொட்டை மாடியில் தலையணையை வைத்துக்கொண்டு அவள் காட்டியதை இங்கே எழுதுகிறேன். தண்ணீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றக் கூடாது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கவும் கூடாது. வாந்தி வந்து சுவாசப் பைக்குள் போய்விடும். ஒருவர் 108-க்குப் போன் செய்ய, இன்னொருவர் குழந்தைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து மார்பு உயரும்படி ஐந்து முறை ஊத வேண்டும். பிறகு நடுமார்பில் வேகமாக 30 அமுக்கல், 2 ஊதல். ஆள் வரும்வரை இதையே நிறுத்தாமல் செய்ய வேண்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். சுவாசப் பைக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துக்கூடத் தொந்தரவு தரும்.

பெரியவனையும் சின்னவளையும் நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். பீஸ் கொஞ்சம் கூடத்தான். தீபாவளிச் சீட்டில் குறைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று, அவன் தன் கூட்டாளிகளிடம் குட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகக் கேட்டேன். அவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது. உள்ளே ஓடிவந்து, "அம்மா, அந்தக் கயிறு எங்கே?" என்றான். எடுத்துக் கொடுத்தேன். தெருவின் இந்த முனையில் ஒருத்தனை நிறுத்தி, கயிற்றை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எங்கள் வீட்டையும் தாண்டி, பக்கத்து வீட்டுக் கேட் வரைக்கும் போனது அது.